அரைப்புள்ளி

ஆய்வுகூடத்தில் முப்பது கணினிகள்.
உப்புக்காற்று தின்றது போக
பதினொன்று எழும்பும்,
மின்சாரம் இருந்தால்.
மாணவர்கள் அறுபத்தொருவர்.
இந்த வகுத்தலை இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு
முதலாம் வருடத்துக்குச் சொன்னேன்:
போனை வெளியே எடுங்கோ.

நிலாவெளி வளாகத்து மண்டபத்தில்
ஒருவரும் அசையவில்லை.
பதின்மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில்
ஒளித்துப் பழகிய கைகள்;
பொறி என்று நினைத்திருப்பார்கள்.
பிறகு பைக்குள் இருந்து, கொப்பி மட்டைக்குள் இருந்து,
முஃபீதின் சப்பாத்துக்குள் இருந்துகூட
ஒவ்வொன்றாய் வந்து
மேசையில் மல்லாந்து கிடந்தன.

வரிசைப்படுத்தல் படிப்பித்த நாளில்
எல்லோரையும் தாழ்வாரத்தில் நிற்கவைத்தேன்.
அவரவர் பேட்டரி வீதம்தான் எண்.
பக்கத்தில் நிற்பவரோடு ஒப்பிடு,
பெரியது வலப்பக்கம் போகட்டும்.
கூச்சலும் சிரிப்புமாய் இடம் மாறினார்கள்.
முடிகிற நேரத்தில்
ஹன்சமாலியின் நாற்பத்தொன்று முப்பத்தொன்பதாகி
திரும்பவும் ஒரு தள்ளுமுள்ளு.
அடுக்கும்போதே தேய்கிற எண்களைப் பற்றி
என் குறிப்புகளில் ஒரு வரியும் இல்லை.

இடது கோடியில் ஜெஸீமா, கிண்ணியா.
நான்கு வீதம்.
“நான் அசையவே இல்ல சேர்.
தொடக்கத்திலேயே இடம் சரி.”

மூன்றாவது ஒப்படையில்
மூன்று பேருடைய நிரலுக்கு
ஒரே முதல் வரி:
குறிப்புரைக் கோடு இரண்டு,
அதன் பின்னால் பன்னிரண்டு அரைப்புள்ளிகள்.
எந்த வேலைக்கும் உதவாத வரி.
கௌரிதாசன் மாலை ஏழுக்கு அனுப்பியிருந்தான்.
தினேத் எட்டே காலுக்கு.
ஜெஸீமா
அதிகாலை இரண்டு நாற்பதுக்கு.

கடைசியாய் வந்ததுதான் களவு என்று
எனக்கு அரை நிமிடமும் எடுக்கவில்லை.

கூப்பிட்டேன். வந்தாள்.
ஒன்றும் சொல்லாமல் போனை மேசையில் வைத்தாள்.
வள்ளத்து விளிம்பில் அடிபட்டதாம்.
மேல் மூலையில் தொடங்கிய வெடிப்பு
சரிந்து இறங்கி
விசைப்பலகைக் குறியீடுகளுக்கு நடுவே
ஒரு விரல் அகலத்தைச் சாகடித்திருந்தது.
அமத்திக் காட்டினாள்.
முக்காற்புள்ளி வந்தது.
மேற்கோள் வந்தது.
அரைப்புள்ளி வரவில்லை.

“முதலாவதை உங்கட விரிவுரைக் கோப்பில இருந்துதான்
எடுத்தன் சேர்.
மத்ததெல்லாம் அதில இருந்து பெருக்கினது.
ஒவ்வொரு வரி முடியவும்
மேல போய் ஒண்டை எடுத்துக்கொண்டு வருவன்.”

இரண்டு நாற்பது?

“மூண்டு மணிக்கு நானா கடலுக்கு இறங்குவார்.
வலை போட்ட இடம் இந்தப் போனிலதான் இருக்கு.
ஏழுக்குக் கரை வந்து
மிச்சத்தைத் தருவார்.”

மிச்சம் என்பது
நான்கு வீதம்.

மற்ற இருவரையும் கூப்பிட்டேன்.
இரண்டு நாளுக்கு முன்
குழுவில் அவள் போட்ட அரைகுறையை எடுத்து
மீதியைத் தாங்களே எழுதியதாய்ச் சத்தியம் செய்தார்கள்.
அந்த வரி எதற்கடா?
கௌரிதாசன் தினேத்தைப் பார்த்தான்.
தினேத் தரையைப் பார்த்தான்.
“அது இல்லாட்டி ஓடாது எண்டு நினைச்சம் சேர்.”

அன்றிரவு உப்புவெளி அறையில்
என் வெடிப்பில்லாத போனை எடுத்து
அந்த ஒரு விசையைத் தொடுவதில்லை என்று
அதே ஒப்படையைத் தட்டினேன்.
மேலே போய், எடுத்து, கீழே வந்து, ஒட்டி.
பதினெட்டாம் வரியில்
மேலே போனவன் எதற்குப் போனேன் என்று மறந்து
கொஞ்ச நேரம் இருந்தேன்.
வெளியே நாய் ஒன்று
கடலைப் பார்த்துக் குரைத்தது.
முடிக்கவில்லை.

அவளுடைய நிரல் நாற்பத்தேழு வரி.
பிழை ஒன்று:
வட்டம் ஒருமுறை கூடச் சுற்றுகிறது.
அதற்கு இரண்டு புள்ளி வெட்டினேன்.
வெட்டத்தான் வேண்டும்.

இப்போது நான் அனுப்பும் எல்லாக் கோப்புகளிலும்
முதல் வரியில் பன்னிரண்டு கிடக்கும்.
நேற்று முஃபீத் கேட்டான்,
ஏன் சேர், பதினொன்று போதாதா?