இரண்டு பானைக்கு நடுவே மணல்

வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது.
முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன்.
சிவப்பு நிறம், கதவில் பூப்போட்டது,
தவணை இன்னும் நான்கு பாக்கி.
என் பாட்டிலுக்கு மட்டும்தான்
அதில் இடமில்லை.

தூரம் நின்று பதினோரு மாதம்.
பஸ்ஸில், ரேஷன் வரிசையில்,
நல்ல தூக்கத்தின் நடுவில்
கழுத்திலிருந்து காதுமடல் வரை
யாரோ ஸ்டவ்வைத் திருகுகிறார்கள்.
இது நோயில்லை, வயசு என்று
டாக்டரம்மா சிரித்தாள்.
சரி,
வயசுக்குக் குடிக்க ஏதாவது வேண்டாமா?

ஐ.என்.ஏ. சந்தையில் வெண்பூசணி வாங்கினேன்.
பேட்டா மிட்டாய் போடவா, பெஹன்ஜி?
ஆமாம் என்று தலையாட்டினேன்,
இந்தியில் விளக்க அலுப்பு.
துருவி, பழைய வேட்டித் துணியில் பிழிந்து
இரண்டு மிளகு, ஒரு கல் உப்பு.
ஒரு காய் மூன்று நாளைக்கு வரும்
கெடாமல் இருந்தால்.
கோட்லா முபாரக்பூரில், மே மாதத்தில்
காலையில் பிழிந்தது
மத்தியானமே நுரைத்து மூடியைத் தள்ளும்.

பாலெல்லாம் நாறுது என்றார் அவர்,
மூடி திறக்காத பாட்டிலைப் பார்த்து.
தவளை குளிச்ச தண்ணி மாதிரி இருக்கும்மா,
ஃபிரண்ட்ஸ் பார்த்தா செத்தேன் என்றாள் நிறைமதி.
சேலத்திலிருந்து நாத்தனார் போனில்:
பூசணிக்காய் திருஷ்டிக்கு உடைக்கிறது, அண்ணி,
யாராவது குடிப்பாங்களா?

உடைத்துத்தான் குடிக்கிறேன் என்றேன்.
சிக்னல் இல்லைபோல. வைத்துவிட்டாள்.

எதிர்வீட்டை இடித்துக் கட்டுகிற கொத்தனார்
இரண்டு தட்டு மணல் தந்தான்.
தன் ஊரில் தக்காளியை இப்படித்தான் என்று
கையால் காட்டினான்:
பெரிய பானைக்குள் சின்னப் பானை,
இடுக்கில் மணல்,
மணலில் ஈரம்,
மேலே நனைத்த சாக்கு.
மொட்டைமாடியில் டாங்கி நிழலில் வைத்தேன்.
கீரை அலசிய தண்ணீர்தான் ஊற்றினேன்.
அதற்கும் பேச்சு:
டாங்கர் வராத ஊரில்
மண்ணுக்குத் தண்ணி காட்டுறா உங்கம்மா.

லூ அடித்தது.
ஊரே முகத்தை மூடிக்கொண்டு திட்டுகிற காற்று.
அது சூடாக வீச வீச
என் பானை ஜில்லென்று ஆனது.
இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூன் எட்டு, ராத்திரி
முக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
மறுநாளும் வராது என்றார்கள்.
ஃபிரிட்ஜைத் திறந்தார், மூடினார்,
திறந்தார்.
கதவுத் தட்டில் அவருடைய இன்சுலின் பேனா ஐந்து.
ஐஸ் வாங்கப் போய்
வெறுங்கையோடு வந்தார்.

பதினொரு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம்.
நிறைமதியின் ஜியாமெட்ரி பாக்ஸில்
பேனாக்களை அடுக்கி எடுத்து வந்திருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும்தான்.
பாட்டிலை வெளியே எடுத்துவிட்டுப்
பெட்டியை உள்ளே இறக்கினேன்.
சின்னப் பானை. இரண்டுக்கும் இடமில்லை.

ராத்திரி முழுக்க அவர்
மணிக்கொரு தரம் சாக்கைத் தூக்கி
டார்ச் அடித்துப் பார்த்தார்.
தூக்காதீங்க, குளிர் போயிடும் என்றேன்.
தண்ணி ஊத்தவா என்றார்.
கொஞ்சமா, ஓரமா, என்றேன்.
குடிக்கிற தண்ணீரையே ஊற்றினார்.

விடிந்ததும் பெட்டியைத் தொட்டால்
கிணற்றுப் படி மாதிரி இருந்தது.
சாறு புளித்திருந்தது.
கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டினேன்.
அதற்காவது சூடு தணியட்டும்.

மறுநாள் சாயங்காலம்தான் கரண்ட் வந்தது.
இன்று காலை பால் வைக்கப் போனேன்.
கதவுத் தட்டில் பேனாக்கள் ஒருபக்கமாக நகர்ந்திருந்தன,
சாஸ் பாட்டில் மேலே ஏறியிருந்தது,
நடுவில் ஒரு பாட்டில் அகலத்துக்குக்
காலி.
யார் வேலை என்று கேட்கவில்லை.

பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.
மணல் ஓரங்களில் காய்ந்து வெளுத்திருந்தது.
குனிந்தபோது கழுத்தில் ஸ்டவ் பற்றிக்கொண்டது.
ஈரச் சாக்கை எடுத்துப்
பிடரியில் போட்டுக்கொண்டு
அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.
கீழே அவர் எதையோ தேடிக்கொண்டு
என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.