கூலி நட்சத்திரம் குறித்த விளக்கம்

ஒஸ்த்ராவா, பிப்ரவரி.

அன்புள்ள அணித்தலைவர்களே,
போன வியாழன் இரவு
நிலவறை மதுக்கடையில் நடந்ததற்கு
நான்தான் பொறுப்பு.
விதிப்புத்தகத்தை எழுதியவள் நான்.
இருபத்தேழாம் பக்கத்தில்
ஒரு வரியைச் சோம்பலில் விட்டுவைத்தேன்:
நட்சத்திரம், அழைத்தவருக்கே.

இருவர் அழைத்தால்?

ராதிம் அழைத்தார். பொஹ்தானாவும் அழைத்தார்.
ஒரே குர்ஷை.
இரும்புத்தாடை குர்ஷ், பாதி பூதம், பாதி எருமை,
பந்தைப் பிடிக்கத் தெரியாது,
பிடித்தவனைப் பிடிக்கத் தெரியும்.
விலை மூன்று லட்சம் பொற்காசு.
வினிகரில் ஊறிய சாசேஜ் தட்டோடு கவிழ்ந்தது.
பகடை ஒன்று ஹீட்டருக்கு அடியில் போனது,
இன்னும் திரும்பவில்லை.

ஆகவே, தெளிவாக.

கூலிக்கு வருபவர் ஓர் ஆட்டத்துக்கு மட்டும்.
முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை
உங்கள் நிறச் சட்டை அவருக்கு உண்டு.
பிறகு கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.
அவர் போட்ட கோல் கணக்கில் ஏறும்,
அனுபவம் ஏறாது.
நூறு ஆட்டம் ஆடினாலும்
அவர் இன்றைக்கு வந்தவர்தான்.

இறந்தால் என்று ஒதகார் கேட்டிருந்தார்.
இறந்தால் இறந்தவர், அந்த மாலைக்கு.
அடுத்த வியாழன் அதே பெயரில்
அதே விலைக்குக் கிடைப்பார்.
கல்லறைப் பட்டியலில் எழுத வேண்டாம்,
அது உங்கள் ஆட்களுக்கு.

கூலிக்கு மாரடிக்க வருகிறவர் என்றுதான் நினைக்கிறோம்.
பகடையில் மூன்று விழுந்தால்
குர்ஷின் மார்பு நிஜமாகவே உடைகிறது.

மருத்துவர்?
இதைக் கேட்டவர் ஹினெக்.
அணியின் மருத்துவர் கூலி ஆளைத் தொடலாமா?
கூடாது. பழைய விதி.
சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.
ஹினெக் சிரித்தார்.
ஏஜென்சி வழியாகக் கார் தொழிற்சாலைக்குப் போகிறவர்,
மூன்று மாத ஒப்பந்தம், ஐந்தாவது முறையாக.
இடது கையில் கட்டு.
"எங்க பிளான்ட்லயும் இதே புத்தகம்தான்"
என்று வலது கையால் உருட்டினார்.
ஆறு விழுந்தது.
யாரும் கைதட்டவில்லை.

பகலில் நான் டிராம் டெப்போவில் ஷிஃப்ட் போடுகிறவள்.
ஆள் குறைந்தால் ஒரு நம்பருக்கு ஃபோன் செய்வேன்,
யாரோ வருவார்.
கட்டத்தில் "மாற்று" என்று எழுதுவேன்.
பெயர் எழுத இடம் இருக்கிறது அந்தக் கட்டத்தில்.
இன்று காலை அளந்து பார்த்தேன்.

சரி, குர்ஷ்.
இருவர் அழைத்தால் இருவருக்கும் இல்லை.
மைதான ஓரத்தில், பீர் கோப்பைக்குப் பக்கத்தில்
ஆட்டத்தைப் பார்த்தபடி நிற்பார்.
சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கக் கூடாது.
ராதிம், உங்களைத்தான்.

காசு?
திரும்ப வராது. இரண்டு கஜானாவிலும்
ஆளுக்குப் பாதி குறையும்.
வந்தார் அல்லவா.
அவ்வளவு தூரம் வந்தார் அல்லவா.
பொஹ்தானா ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார்:
ஆடாதவனுக்கு எதற்குக் கூலி,
அவன் ஈயப் பொம்மை, பெயின்ட் அடித்ததே நான்.
நியாயம்.
ஆனாலும் இந்த வரியைப் பச்சை மையில்
இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

மருத்துவர் விதியை மாற்ற மார்ச்சில் வாக்கெடுப்பு.
ஆறு கை வேண்டும்.
இப்போதைக்கு மூன்று,
அதில் ஒன்று கட்டுப் போட்டது.

பின்குறிப்பு:
குர்ஷைத் தேட வேண்டாம், என் கோட்டுப் பையில் இருக்கிறார்.
கடைசி எட்டாம் நம்பர் டிராம்
அணைந்துபோன உலைகளைத் தாண்டும்போதுதான்
விரலில் கொம்பு குத்தியது.
நுனி உடைந்திருந்தது.
பசை வைத்து ஜன்னலோரம் நிறுத்தியிருக்கிறேன்,
வியாழனுக்குள் ஒட்டிவிடும்.

விதிப்படி, நான் எந்த அணிக்கும் மருத்துவர் இல்லை.