மூன்று ஆறும் ஓர் ஐந்தும்

ஞாயிறு, ஏழரை. எஞ்சின் இன்னும் சில்லென்றிருக்கிறது.
சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்து கையோடு வரும்;
பசியாறுவதற்கு முன்பே பானெட்டைத் தூக்கிவிட்டேன்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துச் சாகா.
மூன்று வாரமாய்
பெர்ணம் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது மட்டும்
பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி
ஒரு விக்கல்.
"தள்ளிவிட்டு மைவி எடுங்கக்கா" என்றான்
ஆலையில் பாய்லர் பார்க்கிற தணிகைவேல்.
ஒன்பது வருஷம், மாசம் ஐந்நூற்றுச் சொச்சம்.
அவன் கட்டுவானா?

நேற்று ஊத்தான் மெலிந்தாங் கடைவீதியில்
தௌக்கே இயோ இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.
இரிடியம், நாற்பத்திரண்டு வெள்ளி, ஊசி மாதிரி முனை.
சாதாரணம், எட்டு வெள்ளி.
"இது லட்சம் கிலோமீட்டர் தாங்கும்" என்றார் மலாயில்.
காடி தாங்க வேண்டுமே, தௌக்கே.
சிரித்துக்கொண்டே எட்டு வெள்ளிப் பெட்டியை
என் பக்கம் நகர்த்தினார்.
ஆறாம் நம்பர், நாலு.

வயரை இழுக்கக் கூடாது.
தொப்பியைப் பிடித்து, கொஞ்சம் திருகி, மெதுவாய்.
ஒன்றை மாற்றிய பிறகுதான் அடுத்தது.
போன தடவை நான்கையும் சேர்த்துப் பிடுங்கி
எது எங்கே என்று தெரியாமல் மாட்டியதில்
காடி துப்பாக்கிபோல் வெடித்தது;
எதிர்வீட்டு மாச்சிக் ரொஹானாவின் வாத்துகள்
இரண்டு நாள் முட்டையிடவில்லை.
அப்படித்தான் அவர் சொல்கிறார்.

பள்ளத்து மண்ணை சைக்கிள் பம்பால் ஊதினேன்.
ஒன்று: தே தாரிக் நிறம். நல்லது.
இரண்டு: அதே நிறம், பால் சற்றுக் கூடுதல்.
மூன்று
கறுப்பு. ஈரம். முகர்ந்தால் எண்ணெய்.

உள்ளே வளையம் தேய்ந்திருக்கிறது.
பிரித்துப் பார்க்க ஆயிரத்தைந்நூறு, அதற்கு மேலும் ஆகும்.
புது ஆறைப் போட்டாலும் ஒரு மாதத்தில் இதே கோலம்.
ஐந்தாம் நம்பர் சற்றுச் சூடாக எரியும்;
தன்மேல் படிகிற எண்ணெயைத்
தானே சுட்டுக்கொள்ளும்.

காடி வாயைப் பிளந்து நிற்க
மகளின் சைக்கிளில் கிளம்பினேன்.
செம்பனைக் குலை லாரி ஒன்று ஹாரனால் என்னைத் திட்டிப் போனது.
போ, நாளைக்கு என் எடைப்பாலத்தில்தானே
வந்து நிற்பாய்.
கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது.
குனிந்து உள்ளே போய்க் கேட்டேன்.
"மூன்று ஆறு, ஓர் ஐந்தா?
எல்லாரும் நாலையும் ஒன்றாகத்தான் போடுவார்கள்."
என் எஞ்சினில் நாலும் ஒன்றாக இல்லை, தௌக்கே.
பெட்டி பிரித்ததைத் திருப்பி எடுக்க மாட்டாராம்.
இன்னோர் எட்டு வெள்ளி.

இடைவெளி, பூஜ்யம் புள்ளி எட்டு.
தகடு உரச வேண்டும், சிக்கக் கூடாது.
ரப்பர் குழாய்த் துண்டில் பிளக்கைச் செருகி
விரலால் சுற்றினேன். மரை பிசகினால்
குழாய் வழுக்கிச் சொல்லிவிடும்;
ஸ்பேனர் சொல்லாது, உடைத்துவிட்டுத்தான் நிற்கும்.
முட்டியதும் அரைச்சுற்று.
நாலாவதையும் மாற்றி முடிக்கும்போது
பதினொன்றாகிவிட்டது. பசியாறவே இல்லை.

பாலம்.
இரண்டாம் கியர், ஏற்றம், கீழே சேறு நிற ஆறு.
விக்கும் என்று முதுகை இருக்கையில் அழுத்தி வைத்திருந்தேன்.
இறங்கியும்விட்டேன்.
கண்ணாடியில் பார்த்தால் நீலப் புகை
பழையபடி பின்னால் வருகிறது.
வரட்டும். இருக்கைக்கு அடியில்
ஒரு லிட்டர் எண்ணெய் டின் இருக்கிறது.

திங்கள் காலை, லாரிகள் வருமுன்
அந்தக் கறுத்த மூன்றாவதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து
நாற்பது டன் தாங்கும் தட்டின் நடுவில் வைத்துவிட்டு
கிராணி அறைக்கு ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.

பூஜ்யம்.

முதல் லாரிக்காரன் ஹாரன் அடிக்கத் தொடங்கினான்.
போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.