எட்டாவது விளக்குக் கம்பம்

எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று
மலாயில் கேட்டார் டாக்டர் நோராய்னி.
மீட்டரில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.
லாபிஸ் கடைத்தெருவில்
தபால் ஆபீசிலிருந்து ஏழு விளக்குக் கம்பம்,
எட்டாவதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன் என்றேன்.
போன தீபாவளிக்குப் பன்னிரண்டு.
எழுதிக்கொண்டார்,
கம்பமாகவா மீட்டராகவா, தெரியாது.

வலி என்றும் சொல்ல முடியாது.
இடுப்புக்குக் கீழே
யாரோ குழாயை மூடுகிற மாதிரி.
முதலில் இடது தொடை, பிறகு கெண்டைக்கால்,
பிறகு செருப்பு காலில்தான் இருக்கிறதா என்று
குனிந்து பார்க்க வேண்டும்.
குனிந்தால் சரியாகிவிடும், அதுதான் வேடிக்கை.
சூப்பர்மார்க்கெட்டில் டுரோலிமேல் சாய்ந்துகொண்டால்
ஒரு மணி நேரம் நடப்பேன்.
ஒரு உப்புப் பாக்கெட் வாங்க
அரிசி வரிசை, சலவைத்தூள் வரிசை,
நாய்த்தீனி வரிசைகூட.
நாய் இல்லை எனக்கு.
கல்லாவில் இருக்கும் சீனப் பெண்
இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை.

படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.
என்னுடையது என்று நம்ப முடியவில்லை:
மட்டை கழித்த செம்பனைபோல்
கணுக்கணுவாக.
கீழே நான்காவது
ஐந்தாவதன்மேல் சறுக்கி,
நடுவில் இருக்க வேண்டிய மெத்தை
ஒரு கறுப்புக் கோடு.
முப்பத்தொரு வருஷம் உதிரிப்பழம் பொறுக்கினேன் என்று
நான் சொல்லவில்லை.
படம் சொல்லியிருக்கும்.

ஊசி போடலாம்,
மூன்று மாதம் தாங்கும், தாங்காமலும் போகும்.
எலும்பைச் சுரண்டி நரம்புக்கு இடம் விடலாம்.
அல்லது சுரண்டிவிட்டு
நான்கு திருகு, இரண்டு கம்பி போட்டு
இரண்டு எலும்பையும் ஒன்றாக்கிவிடலாம்.
அதன் பிறகு அந்த இடம் வளையாது என்றார்.
குனிந்தே சம்பளம் வாங்கிய உடம்பு,
அவருக்கு எப்படிச் சொல்ல?
நூற்றில் இத்தனை பேருக்கு நலம்,
இத்தனை பேருக்குச் சிக்கல் என்றார்.
நூறு என்றதும்
விடியற்காலைப் பெரட்டில் நிற்கும் நூறு பேர்தான் தெரிந்தார்கள்,
அதில் நாலைந்து பேர்
பெயர் கூப்பிடப்பட்டு
தள்ளி நிற்கிறார்கள்.

திருகு என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன்.
மரத்துக்கு இருபத்தைந்து வயதாகி
கொக்கிக்கு எட்டாமல் போனால்
துளைபோடும் மெஷின் வரும்.
தண்டில் ஓட்டை, ஓட்டையில் மருந்து,
இலை தொங்க சில வாரம்.
பத்தொன்பதாம் நம்பர் காட்டில்
அந்த மருந்து வாளியைத் தூக்கியவள் நான்.
இதையும் டாக்டரிடம் சொல்லவில்லை.

பாக்கியவதி செய்துகொண்டாள்,
கோயிலைச் சுற்றி நடக்கிறாள்.
தங்காக்கில் செங்கமலமும் செய்துகொண்டாள்,
வலது பாதம் தொங்கிவிட்டது.
இரண்டு பேரும் போன் செய்கிறார்கள்.
இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

மகன் சிங்கப்பூரிலிருந்து பேசினான்.
திருகுக்கு நான் கட்டுகிறேன், செய்துவிடும்மா.
பின்னால் கிடங்கின் மணி அடித்தது.
பெட்டி தூக்கும்போது இடுப்பில்
பட்டி கட்டுகிறாயா என்றேன்.
லைன் சரியில்லை என்றான்.

இன்று காலை கடைத்தெருவில்
எட்டாவது கம்பத்தைப் பிடுங்கியிருந்தார்கள்.
புதிதாக நட வேண்டுமாம்.
ஒரு குழி, சுற்றிலும் ஆரஞ்சுக் கயிறு.
பிடித்துக்கொள்ள ஏதுமில்லை.
நட்டநடு ஐந்தடியில்
முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தேன்.
பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு மலாய்ப் பையன்
சைக்கிளை நிறுத்தி
மக்சேக், என்ன விழுந்தது என்று கேட்டான்.
வாயில் வந்தது, காசு என்றேன்.
அவனும் குனிந்து தேடினான்,
நிமிர்ந்தான், குனிந்தான், நிமிர்ந்தான்,
ஒரு சத்தமும் இல்லாத முதுகு.
சாக்கடை மூடியோரம்
யாருடையதோ ஒரு பத்துக் காசு கிடைத்தது.
நீட்டினான், வாங்கிக்கொண்டேன்.
கால் திரும்பி வரும்வரை
அதைக் கையில் வைத்தபடி நின்றேன்.

செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.
இன்று வியாழன்.
கையெழுத்துப் போடும் கட்டம்
என் பெயருக்குச் சின்னது,
அஞ்சலைதேவி
அதில் அடங்காது.