நீர்ச் செலவு: பூஜ்யம்

கறிவேப்பிலை. அதுதான் திட்டம்.
ரூவியில் ஐந்து கடைகளில் விசாரித்தாயிற்று.
விமானத்தில் வந்து வாடிப்போகிறது கட்டு,
கிலோ ஒன்றேகால் ரியால்,
வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.
ஆறாவது கடைக்காரர், கோழிக்கோட்டுக்காரர்,
விலையே கேட்கவில்லை.
"மழைக்காலத்திலும் தருவீங்களா?" என்றார்.
எந்த மழை என்று நானும் கேட்கவில்லை.

டயர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான்.
தாள் ஒன்று, முதலீடு:
ஜெசுராஜாவின் பதினாறு வருஷப் பணிக்கொடை,
என் மனைவி இன்னும் சரி சொல்லாத சீட்டுப் பணம்.
தாள் இரண்டு, பசுமைக்குடில்,
ஒன்பதுக்கு முப்பத்தாறு மீட்டர்,
விசிறி, ஈரத்தட்டி, கோடை மின்கட்டணம்.
ஜூன் மாதத்தை மட்டும் மூன்று முறை அழித்து எழுதினேன்.
தாள் மூன்றில் ஒரு வரி:
நீர், கிணறு உண்டு, பூஜ்யம்.
அதற்குக் கீழே:
எங்கள் உழைப்பு, பூஜ்யம்.
இந்த இரண்டு சுழியின் மேல்தான்
மூன்றாம் ஆண்டு லாபம்
ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

முசன்னா. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை.
சுலைமான் அல் பலூஷி
கஹ்வா ஊற்றியபடியே உண்மையும் சொன்னார்.
"உங்களுக்கு முன்னே மூணு பேர் வந்தாங்க.
வெள்ளரி. அப்புறம் ரோஜா. அப்புறம் காடை."
காடைக்கு என்ன ஆச்சு?
"காடை நல்லாத்தான் இருந்தது.
பங்காளிகதான் சண்டை."
ஜெசுராஜா என்னைப் பார்த்தான்.
நான் கோப்பையைப் பார்த்தேன்.

மோட்டார் இருமி இருமித் தண்ணீர் தந்தது.
பையிலிருந்து மீட்டரை எடுப்பதற்குள்
ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துத்
துப்பிவிட்டான்.
பள்ளிக்கூட லீவு முழுக்கத்
தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி மிதித்தவன்.
"ஏழு" என்றான்.
மீட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு
ஆறு புள்ளி எட்டு என்றது.
கறிவேப்பிலை இரண்டுக்கு மேல் தாங்காது என்று
தாள் ஐந்தின் அடிக்குறிப்பில்
நானே எழுதியிருக்கிறேன்,
சின்ன எழுத்தில்.

உப்பு நீக்கும் இயந்திரம் வாங்கலாம்.
நீக்கிய உப்பை எங்கே கொட்டுவது
என்பதற்குத்தான் தாள் இல்லை.
காரில் உட்கார்ந்து, ஏசி போடாமல்,
பூஜ்யம் இருந்த கட்டத்தில்
மாதம் நூற்றெழுபது என்று தட்டினேன்.
மூன்றாம் ஆண்டு சிவப்பாயிற்று.
நான்காம் ஆண்டும்.
உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாதாம்.
நாங்கள் இன்னும் உழவில்லை.
உழக்கு அப்படியே இருக்கிறது
வங்கியில், ஜெசுராஜா பேரில்.

"நிறுத்து."
வேலியோரம், வெள்ளை பூத்த மண்ணில்
சதைப்பற்றாய் ஒரு பச்சை.
"உமரி மாதிரி இருக்கு."
கிள்ளி மென்றான்.
சுலைமானின் ஆடு ஏற்கெனவே மென்றுகொண்டிருந்தது.
"இதுக்கு நல்ல தண்ணியே வேண்டாம்டா!"
யார் வாங்குவா?
இருவரும் ஆட்டைப் பார்த்தோம்.
அதனிடம் பணம் இல்லை.

இரவு பத்தரை. புதிய கோப்பு.
முதல் வரியில் நீர் என்று தட்டினேன்.
இரண்டாவதில் உழைப்பு.
எதிரே ஒன்றும் போடாமல்
அவனுக்கு ஃபோன் செய்தேன்.
"உன் ஒரு நாள் கூலி எவ்வளவு,
அதைச் சொல்லு முதல்ல."
சிரித்தான்.
நான் சிரிக்காமல் காத்திருந்தேன்,
கட்டத்தில் கோடு
விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.