இருபத்து மூன்றாம் வரிசை

பயணச்சீட்டு மின்னஞ்சலில் வந்த இரவு
நீ பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தாய்.
நான்தான் முதலில் வாசித்தேன்.
23 ஏ: நல்லரத்தினம்.
23 பி: கதிர்காமத்தம்
(அதற்கு மேல் இடமில்லை போலும்.)
ஆரபியும் துவாரகனும்
சாய்கோட்டுக்குப் பின்னால்
பொடி எழுத்தில் வாலாய்த் தொங்கினோம்.
மண்டப வாடகையில் யார் பங்கு எவ்வளவென்று
பந்தி முடியுமுன்னே முறைத்துக்கொண்ட
இரண்டு அப்பாக்களும்
தோளோடு தோள் உரசிப் போகிறார்கள்
நம்முடைய தேனிலவுக்கு.
நீ சிரித்த சிரிப்பில்
கண்ணாடி முழுக்கப் பற்பசை.

விசாவுக்கு வங்கிக் கடிதம் வேண்டும்.
ஏழு வருஷமாய் வெள்ளவத்தைக் கிளையில்
அந்தக் கடிதத்தை அடிப்பவள் நான்.
டொரொண்டோவுக்கு, லண்டனுக்கு, மெல்பேர்னுக்கு
பாதித் தெரு என் முத்திரையில்தான் பறந்தது.
எனக்கு நானே ஒப்பமிட முடியாதாம்.
பக்கத்து மேசை நில்மினி
முகத்தை இறுக்கிக்கொண்டு
"அடையாள அட்டை இருக்கா மிஸ்?" என்றாள்.
காலையில் என் பெட்டியிலிருந்து
நாலு இடியப்பம் எடுத்துத் தின்றவள்.

அவள் அச்சிட்ட மிகுதித் தொகை
இரவு இரண்டு மணிக்கு
கூறைச் சேலையோடு கட்டிலில் குந்தியிருந்து
நாம் எண்ணிய உறைகள்தான்.
ஐயாயிரம், ஐயாயிரம், ஆயிரம்,
பிறகு பெயரெழுதாத ஓர் உறைக்குள்
வெறும் வாழ்த்தட்டை.
அது யாரென்று
இன்னமும் ஒரு சந்தேகப் பட்டியல் வைத்திருக்கிறோம்.

"ஜோர்ஜியா அமெரிக்காவிலதானே?"
இல்லை மாமி, இது வேற.
"அப்ப அங்க ஆர் இருக்கினம்?"
ஒருத்தரும் இல்லை மாமி.
சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத நாடொன்று
உலகப் படத்தில் மிச்சமிருப்பதை
அவரால் நம்ப முடியவில்லை.
அதைத் தேடித்தான்
மூன்று வாரம் நித்திரை முழித்தோம் என்பதை
நான் சொல்லவில்லை.

புறக்கோட்டை, இரண்டாம் குறுக்குத் தெரு,
பகல் ஒரு மணி.
பஞ்சு வைத்த கோட்டுக்குள் நீ.
கடைக்கார நானா இரக்கப்பட்டு
மின்விசிறியை உன் பக்கம் திருப்பினார்.
"நுவரெலியாவுக்கா தம்பி?"
அதுக்கும் கொஞ்சம் அங்கால.
சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு
எப்படி இருக்கு என்றேன்.
மூக்கு நுனியில் வியர்வை சொட்ட
"நல்ல சுகமா இருக்கு" என்றாய்.
கலியாணம் முடிந்து பதினெட்டாம் நாள்,
நீ எனக்குச் சொன்ன முதல் பொய்.
அதற்காகவே பேரம் பேசாமல் வாங்கினேன்.

குளியலறைத் தராசில் சூட்கேஸ் நிற்காது.
அதைத் தூக்கிக்கொண்டு நான் ஏறினேன்,
பிறகு அது இல்லாமல்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாய்.
என் சம்பளம் தெரியும், தொலைபேசிக் கடவுச்சொல் தெரியும்,
முதுகிலுள்ள மச்சமும் தெரியும்.
என் எடையை நீ வாய்விட்டு வாசித்தபோது மட்டும்
ஏனோ முகம் சுட்டது.
மூன்று கிலோ கூட.
மாமி சொருகியிருந்த அரிசிமாவை எடுத்தோம்,
கருவாட்டுச் சம்பலை எடுத்தோம்,
திரும்ப வைத்தோம்.
உன் இரண்டாவது சப்பாத்து வீட்டிலே நின்றது.

இப்போது கடற்கரை ரயில் போகிறது,
யன்னல் கண்ணாடி நடுங்குகிறது.
அப்பா எடுத்தார்.
மழையைப் பற்றி, ஓட்டோக் காசைப் பற்றி,
பிறகு மெதுவாக,
"யன்னல் சீட்டோ பிள்ளை?"
ஓம் அப்பா.
இரத்மலானையில் கம்பி வேலிக்கு வெளியே நின்று
விமானம் பார்த்ததோடு சரி அவருக்கு.
உன் அப்பாவுக்கோ
தோஹாவில் பதினாலு வருஷம் லொறி ஓட்டி
வானமே அலுத்துவிட்டது.

அதனால் இப்படி இருக்கட்டும்.
நல்லரத்தினம் வெளியே பார்க்கட்டும்,
மேகம் முடியும்வரை.
கதிர்காமத்தம் வாயைத் திறந்தபடி
நித்திரை கொள்ளட்டும்.
நாம் வாலில்தானே தொங்குகிறோம்,
யார் கவனிக்கப் போகிறார்கள்.
கிட்ட வா.