நாற்பத்தொரு சதவீதம்

இந்தப் பெட்டி அறுநூற்றைம்பது சொல் கொள்ளும்.
'உங்கள் மதிப்பெண்களைப் பாதித்த சூழல் ஏதேனும் இருப்பின்
இங்கே விளக்கவும்.'
கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது
கடன் வசூலிக்க வந்தவனைப் போல.

யாரும் சாகவில்லை.
வீடு எரியவில்லை.
அப்பா குடிப்பவர் இல்லை,
கவுன்ட்டி சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார்.
விடிகாலை நாலு மணிக்குத் தெர்மாஸைத் தேடி
வீட்டையே எழுப்பிவிடுவார்.
அது சூழலில் சேருமா?

ஒன்பதாம் வகுப்பு, உயிரியல்: சி.
பத்தாம் வகுப்பு, இயற்கணிதம்: சி பிளஸ்.
அந்த பிளஸ், மிஸ்டர் ஓஸ்ட்பி ஓய்வுபெறும் வாரம்
எல்லோருக்கும் போட்டது.
பதினொன்றில் வரலாறு: பி.
அன்று கேக் வாங்கினோம்.
கூட்டி வகுத்தால் இரண்டு புள்ளி ஆறு.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.
இதைக் காரணமென்று எழுதலாமா?
ஜனவரியில் சுப்பீரியர் ஏரி
எங்கள் விரிகுடாவில் உறைவதற்கு முன்
மூன்று நாள் யோசிக்கும்.
கரையோரம் மெல்லிய தோல் ஒன்று படரும்.
காற்று கிழிக்கும்.
மறுபடி ஒரு தோல்.
நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது
இருபடிச் சமன்பாடு என்னைக் கடந்து போயிற்று,
நிறுத்தத்தில் நிற்காத பேருந்து.

வென்டல் கோஸ்கி எல்லாவற்றிலும் ஏ.
அவனுக்கும் இதே பெட்டிதான்,
காலியாக விட்டான்.
மணிக்கு அறுபது டாலர் டியூஷன்,
அவனுக்கென்று ஓர் அறை, சாத்தினால் சாத்துகிற கதவு.
நல்ல மதிப்பெண்ணுக்கு
யாரும் சூழல் கேட்பதில்லை.

ஆலோசகர் மிஸஸ் டக்வர்த்
கல்லூரிகளை மூன்றாகப் பிரித்து எழுதச் சொன்னார்.
எட்டாதது. எட்டக்கூடியது. எப்படியும் கிடைப்பது.
முதல் பத்தியில் ஒரே ஒரு பெயர் எழுதினேன்.
பேனாவை மூடினார், திறந்தார்.
"நல்லது, ஐனா" என்றார்,
பல் மருத்துவர் வாய்க்குள் பார்த்தபடி சொல்லும்
அதே நல்லது.

சனி, ஞாயிறு டயர் கடையில் வேலை.
சக்கரத்தின் ஐந்து நட்டையும்
நட்சத்திரம் வரைகிற வரிசையில் முடுக்க வேண்டும்,
பக்கத்தில் இருப்பதை அடுத்ததாகத் தொடக்கூடாது.
இதைச் செயல்பாடுகள் பகுதியில் போட்டேன்.
'தலைமைப் பொறுப்பு: எத்தனை பேரை வழிநடத்தினீர்கள்?'
டயர்களைச் சேர்க்கலாமென்றால்
கொஞ்சம் அதிகம்.

கைப்பேசியில் ஒரு கணக்கி இருக்கிறது.
மதிப்பெண், மாநிலம், பெற்றோர் படிப்பு,
எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு
நாற்பத்தொரு சதவீதம் என்று துப்பியது.
சமையலறையில் சத்தமாகப் படித்தேன்.

"பனிக்கா?" என்றார் அப்பா.
"கல்லூரிக்கு."
ம், என்று சூப்பைக் குடித்துவிட்டுப்
படுக்கப் போனார்.

வானொலி நாற்பது என்று சொல்லும் இரவுகளில்
அவர் லாரியில் உப்பு ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.
பாதி நாள் ஒரு துகளும் விழாது.
ஏற்றிய உப்பு ஏற்றியபடி
காலையில் திரும்பி வருவார்,
தோற்ற முகம் ஒன்றும் இல்லாமல்,
முட்டை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு.

பெட்டியில் ஏரியை எழுதினேன்.
அந்த மூன்று நாளையும், கிழிகிற தோலையும்.
சோம்பேறி என்ற சொல்லைப் போட்டு, அழித்து,
மறுபடி போட்டு, விட்டுவிட்டேன்.
நூற்றுப் பன்னிரண்டு சொல்.
மீதி இடத்தில் நிரப்ப
என்னிடம் சாவு எதுவும் இல்லை.

கட்டணம் ஐம்பது டாலர், டயர் கடைப் பணம்.
பொத்தானை அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது, நின்றது,
'பெற்றுக்கொண்டோம்' என்றது.
அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

அன்றிரவு வானொலி எழுபது சதவீதம் என்றது.
அப்பா உப்பு ஏற்றிக்கொண்டு போனார்.
நான் விளக்கணைத்துவிட்டு
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

பனி பெய்யவில்லை.